தொப்பி போட்ட எழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்டிக்கரிலிருந்து கிடைத்தது. எங்கள் கிடங்கில் மரப்பெட்டிகளின் மேல் ஒட்டுகிற, உள்ளங்கை அகலமுள்ள வெள்ளை ஸ்டிக்கர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அது வராது. நான் சுமை தூக்குகிறவன். எதை எங்கிருந்து எடுத்தேன், எங்கே இறக்கினேன் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகு. அதனால் எழுதும்போது இன்னும் எனக்குக் கைகால் பரபரக்கிறது. நீங்கள் எல்லாம் சின்ன வயதிலேயே படித்துவிட்டு அலுத்துப்போயிருப்பீர்கள். நான் அலுக்கவில்லை. தோள்தான் அலுத்திருக்கிறது.

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் பாருங்கள்.

ஒன்று: "காலைக் கதிரவன் கிடங்கின் தகரக் கூரைமேல் தன் பொற்கரங்களை நீட்டி" (வேண்டாம். தகரம் சூடேறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் பொன்னும் இல்லை, கரமும் இல்லை.)

இரண்டு: "அவனைக் கிரேன் என்று கூப்பிடுவார்கள். நாலு பேர் தூக்குவதை ஒருவனாகத் தூக்கி" (எழுதிக்கொண்டிருக்கும்போது அவனே பின்னால் வந்து நின்றான். "என்ன மாமா எழுதற, என்னப் பத்தியா?" என்றான். வாக்கியம் நின்றுவிட்டது.)

மூன்று: "ஒருநாள் எனக்குத் தெரியாத எழுத்து ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது."

இது நிற்கும். இதிலேயே போகலாம்.

2

போவதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

கிரேன் என் மனைவியின் தம்பி. கிடங்கில் என் ஜோடி. பம்பு மோட்டார் வைத்த பெட்டியைத் தனியாகவே தூக்கி லாரியின் தட்டில் வைத்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். போன வருஷம் அவனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. இனி பாரத்தைத் தனியாகத் தூக்கினால் கால் மரத்துப்போகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். என் மனைவியிடம்தான் சொன்னார். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் படுத்திருந்துவிட்டு, சட்டைக்குள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவருக்கு ஆள் குறைவு, லாரி அதிகம். அவ்வளவுதான்.

என் மனைவி, நான் படித்த மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். பேனாவை நான் மூட்டைக் கொக்கி மாதிரிப் பிடிக்கிறேன் என்று வகுப்பு முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னவள்.

பிறகு ஸ்டிக்கர் பொண்ணு. கிடங்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிறவள். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய், ஆனாலும் கிடங்கில் எல்லோருக்கும் அவள் ஸ்டிக்கர் பொண்ணுதான். ஸ்டிக்கருக்கான பக்கத்தையும் அவளேதான் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள்.

முன்பெல்லாம் இரண்டு ஆள் தூக்கவேண்டிய பெட்டியில் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் புரியும். பிறகு ஆபீஸில் புதுமுறை வந்தது. நாடா நின்றது. எல்லாம் ஸ்டிக்கரிலேயே வரும், ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம் என்றார்கள். எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே வண்டிக்கு வண்டி நான் ஸ்டிக்கரை வாசிப்பேன், மேஸ்திரி ஆளைப் பிரிப்பார். எனக்கு "படிப்பாளி" என்று பட்டம் கிடைத்தது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

3

ஒருநாள் எனக்குத் தெரியாத எழுத்து ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது.

"படிப்பாளி, இங்க வாய்யா," என்றார் மேஸ்திரி. "கீழ என்னமோ புதுசா போட்டிருக்கே, என்ன அது?"

ஸ்டிக்கரைக் கண்ணருகே கொண்டுபோனேன். மேலே பெட்டி போகவேண்டிய முகவரி, அழகாக, தெளிவாக. அதை ஒரே மூச்சில் வாசித்தேன். கீழே சிவப்பில் ஒரு வரி. அது இப்படித் தொடங்கியது:

à®¤à®©à®¿à®¯à®¾à®•

தொடங்கி, ஸ்டிக்கரின் அடுத்த ஓரம் வரைக்கும் ஓடியது.

எனக்கு வியர்த்தது. பயத்தினால் இல்லை. உற்சாகத்தினால். உயிர் படித்தேன், மெய் படித்தேன், உயிர்மெய் எல்லா வரிசையும் எழுதினேன், வடமொழி எழுத்து என்று தனியாக நாலைந்தையும் படித்தேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை, இன்னும் இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"இது நான் இன்னும் படிக்காத எழுத்து, மேஸ்திரி. எங்க பாடத்துல பின்னாடி வரும்."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கு எழுத்து என்பது முடிவில்லாத சமாச்சாரம். நேற்றுவரை எனக்கும் அப்படித்தான். அதில் மேலும் ஒரு வகை இருக்கிறது என்றால் ஏன் நம்பமாட்டார்கள்?

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. ஆனால் நான் ஏன் நம்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வரியில் ஒழுங்கு இருந்தது. முதலில் தொப்பி போட்ட எழுத்து. அடுத்து வட்டத்துக்குள் ஒரு எழுத்து, சில இடங்களில் அதற்குப் பதில் உயரத்தில் ஒரு சின்னக் கோடு. மூன்றாவது மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மறுபடி தொப்பி. ஒழுங்காக அடுக்கிய மூட்டையைப் பார்த்தால், யாரோ யோசித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரியுமா இல்லையா? அப்படித்தான் எனக்கும் தெரிந்தது. இதில் நான் நினைத்தது தப்பில்லை என்பது பின்னால் வரும்.)

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "புரியாத வரிக்கெல்லாம் ரெண்டு ஆள் போட முடியாது. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பெட்டிக்கு ஒரு ஆள்."

கிரேன் முதல் ஆளாகப் போய்ப் பெட்டியை அணைத்துத் தூக்கினான். தூக்கும்போது அவன் கீழுதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். முன்பெல்லாம் கடிக்கமாட்டான். பாட்டுப் பாடிக்கொண்டே தூக்குவான்.

4

ஒரு ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாடப் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் விளம்பரம்தான் இருந்தது.

"இது நம்ம புத்தகத்துல இல்லீங்க."

"அடுத்த புத்தகமா இருக்கும்."

"தொப்பி போட்டதுக்கு என்ன சத்தம் வரும்?"

"அதான் தெரியல. தொப்பி இல்லாம வாசிக்கிறதவிடக் கொஞ்சம் மரியாதையா வாசிக்கணுமோ என்னமோ."

அவள் சிரித்தாள். ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு எழுதுவதற்கு அட்டைதான் வசதி. உடைத்த பெட்டியின் மூடியைக் கத்தரித்து வைத்திருப்பேன், காகிதம் என் கைக்குக் கிழிந்துவிடும். அந்த அட்டையில் தொப்பி போட்ட எழுத்தை வரிசை வரிசையாக எழுதிப் பழகினோம். முதல் வரிசை கோணலாக வந்தது. மூன்றாவது வரிசையில் எனக்குக் கை படிந்துவிட்டது. வட்டத்துக்குள் எழுத்து அவளுக்குத்தான் அழகாக வந்தது.

* இதை எழுதும்போது அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரும் உக்காந்து குப்பையப் பழகினத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றாள். சொல்லணும். அன்று சாயங்காலம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அது குப்பை என்று தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் குப்பையாகவில்லை.

எழுதி முடித்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்த வரிய வாசிக்காம இருக்கிற வரைக்கும் அவன் தனியாத்தான் தூக்குவானா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கே போய் யாரையாவது கேளுங்க. பாடம் வர்ற வரைக்கும் அவன் முதுகு காத்துக்கிட்டு இருக்காது."

5

இந்தப் பகுதியை நான் நாலு தடவை அடித்துவிட்டு எழுதுகிறேன். கிரேனை எனக்கு நிஜத்தில் தெரியும். கதையில் தெரியவில்லை.

மறுநாள் காலை, டீ குடிக்கும்போது, அவன் என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"மாமா, அந்தச் செவப்பு வரி என்னன்னு யாரையும் கேக்காத."

"ஏன் மாப்ளே?"

"எனக்குத் தெரியும் அது என்னவா இருக்கும்னு. முன்ன நாடா சுத்தியிருந்த மாதிரி பெட்டியிலதான் அந்த வரி வருது. நீயும் பாத்திருப்ப."

நான் பார்க்கவில்லை. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெட்டியைப் பார்க்க மறந்துபோனேன். எழுத்து தெரியாத அவனுக்கு அது தெரிந்திருந்தது.

"அப்ப நல்லதுதானே," என்றேன். "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், நீ ஒரு பக்கம் பிடி."

"ரெண்டு பேர் பிடிச்சா அதுக்கு நான் எதுக்கு? எவன் வேணும்னாலும் பிடிப்பானே." டம்ளரைக் கவிழ்த்துச் சொட்டை உதறினான். "அது உன் படிக்காத பாடமாவே இருக்கட்டும் மாமா."

நிஜமாக அப்படிச் சொன்னானா? இந்த வார்த்தையில்தான் சொன்னானா? எனக்கே இப்போது சந்தேகம். என் மனைவி வாசித்துவிட்டு, "என் தம்பி இவ்ளோ நீளமாப் பேசமாட்டான்" என்றாள். அதனால் ஒரு வரியை எடுத்துவிட்டேன். "நான் படுத்திருந்த ரெண்டு மாசமும் என்னை யாரும் கிரேன்னு கூப்பிடல, தெரியுமா" என்ற வரி. எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இங்கே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

6

சாப்பாட்டு நேரத்தில் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அவன் கேட்காதே என்றான், அவன் அக்கா கேள் என்றாள். இரண்டில் எதைக் கேட்பது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"தங்கச்சி, இத எப்படி வாசிக்கணும்?"

ஸ்டிக்கர் பொண்ணு அட்டையை வாங்கினாள். வரிசை வரிசையாகத் தொப்பி. அவள் முகம் சிரிப்பதற்குத் தயாரானது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு மறுபடி அட்டையைப் பார்த்தது.

"இத நீங்க கையால எழுதினீங்களா அண்ணே?"

"வட்டம் போட்டதெல்லாம் வீட்டுக்காரி எழுதினா."

"இது எழுத்தே இல்ல அண்ணே." சொல்லிவிட்டு உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, எழுத்துதான். நம்ம எழுத்துதான். உடைஞ்சு வந்திருக்கு. இருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் திரையில் இரண்டு கோப்புகளைத் திறந்தாள். ஒன்று பக்கம். முகவரி, பெட்டி எண், என்ன சரக்கு, எல்லாம் அதில். இன்னொன்று ஸ்டைல் ஃபைல். எது சிவப்பு, எது பெரிசு, எது எங்கே நிற்கவேண்டும் என்று சொல்வது அது. ஒன்று உடம்பு, ஒன்று சட்டை என்று நான் புரிந்துகொண்டேன். எச்சரிக்கை வரி எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான் என்பதால், அதை உடம்பில் எழுதாமல் சட்டையில் எழுதியிருந்தாள். பெட்டி கனமானது என்று பக்கத்தில் ஒரு குறி இருந்தால், சட்டை அந்த வரியைத் தானே போட்டுவிடும்.

அந்தச் சட்டையில், திரையில், நல்ல தமிழில் இருந்தது:

தனியாகத் தூக்காதே. இருவர் தூக்கவும்.

நான் வாய்விட்டு வாசித்தேன். கிரேன் ஊகித்தது சரி.

"இங்க நல்லாத்தானே இருக்கு தங்கச்சி?"

"எழுத்து கெடல அண்ணே. அதப் பாக்கிற கண்ணு கெட்டிருக்கு." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். நம்ம எழுத்தோட நம்பர் பெரிசு, அத மூணு துண்டா வெட்டித்தான் ஃபைல்ல வைக்கும். திரும்பச் சேக்கணும்னா, எந்த முறையில வெட்டினோம்னு தெரியணும். அத ஃபைலோட தலையில எழுதி வைக்கணும். பக்கத்தோட தலையில சரியா இருக்கு. இதப் பாருங்க."

ஸ்டைல் ஃபைலின் முதல் வரியைக் காட்டினாள். அதில் வேறு ஏதோ முறையின் பெயர் இருந்தது.

"வேற கம்பெனிக்குச் செஞ்ச பழைய ஃபைல். அவங்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான், அதனால அங்க இந்த வரி ஒண்ணும் பண்ணல. இங்க, ஒரு துண்டுக்கு ஒரு எழுத்துன்னு நினைச்சு, மூணு துண்டையும் மூணு எழுத்தாக் காட்டுது. நம்ம எழுத்து எல்லாத்துக்கும் முதல் துண்டு ஒண்ணுதான், அதான் உங்க தொப்பி. ரெண்டாவதும் பெரும்பாலும் ஒண்ணுதான்."

"மூணாவதுதான் ஆளு."

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமா அண்ணே. மூணாவதுதான் ஆளு."

நான் சொன்னேன் அல்லவா, அடுக்கிய மூட்டை என்று. அடுக்கியிருந்தது. அடுக்கிய முறை தெரியாதவன் பிரித்திருந்தான், அவ்வளவுதான்.

"யாரு இந்தப் பழைய ஃபைல நகல் எடுத்தது?" என்று கேட்டேன்.

"வேற யாரு, நான்தான்," என்றாள். "திரையில நல்லாத் தெரிஞ்சுது, அடிச்சு வந்தத நான் திருப்பிப் பாக்கவே இல்ல. இதுல என்ன ஆகும்னு நினைச்சேன்."

என்ன ஆகும் என்று நான் சொன்னேன். கிரேனின் முதுகைப் பற்றி. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள்.

* அந்த முதல் வரி கோப்பின் ஆரம்பத்தில், முதலாவதாக இருக்கவேண்டும். அதற்கு முன்னால் வெற்றிடம்கூட இருக்கக்கூடாது. இருந்தால் அது கணக்கில் வராது. எங்கள் மேஸ்திரியும் அப்படித்தான். பேர் கூப்பிடும்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தால் நீ வரவில்லை.

7

இங்கே கதையைக் கொஞ்சம் இறக்கிவைக்கிறேன். தோளுக்கு ஓய்வு. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது.

அவள் வரியைத் திருத்திவிட்டுச் சொன்னாள்: "இது மட்டும் போதாது. நாளைக்கு எவனாவது தலைய மாத்தினா மறுபடி தொப்பி வரும். எழுத்துக்குப் பதிலா நம்பரையே எழுதிடறேன். எந்த முறையில திறந்தாலும் கெடாது."

எழுதினாள். பக்கத்தில் எழுதுவதானால் த என்பது இப்படி: &#2980; . ஸ்டைல் ஃபைலில் இப்படி: \0BA4 .

"ஒரே எழுத்துக்கு ரெண்டு நம்பரா?"

"நம்பர் ஒண்ணுதான் அண்ணே. ஒண்ணு பத்துப் பத்தா எண்ணினது, இன்னொண்ணு பதினாறு பதினாறா எண்ணினது. போற வீடு ஒண்ணு."

என் எழுத்துக்கு வீடு இருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் போய்க் கேட்டாலும் அந்த எண்ணில் த தான் குடியிருக்கிறது. வேறு எந்த மொழிக்காரனும் அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், என் எழுத்து சொந்த வீட்டில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை நான் ஒவ்வொன்றாக வியர்வை சிந்திப் படித்தேனே, அவ்வளவுக்கும் எண் இல்லையாம். கொஞ்சம் பேருக்குத்தான் எண். மற்றதெல்லாம் ஜோடி. கு என்றால் க ஒரு ஆள், அந்தக் கீழ்வளைவு ஒரு ஆள். க் என்றால் க ஒரு ஆள், மேலே புள்ளி ஒரு ஆள். புள்ளிக்கும் எண் இருக்கிறது, அதற்கும் சம்பளம் உண்டு.

கெ எப்படி என்று கேட்டேன். நாம் கொம்பை முதலில் எழுதி அப்புறம்தானே க எழுதுகிறோம். அவள் காட்டினாள்: &#2965;&#3014; . க முதலில். கொம்பு அப்புறம். பின்னால் வந்துவிட்டு முன்னால் போய் நிற்கிறது.

"நம்ம மேஸ்திரி மாதிரி," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து பார்த்தார்.

* நான் இதை மனைவியின் போனில் அடித்துத்தான் அனுப்புகிறேன். அட்டையிலிருந்து போனுக்கு, போனிலிருந்து எண்ணாகி, துண்டாகி, உங்களிடம். இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நான் வேண்டுமென்று போடாத இடத்தில் தொப்பி தெரிந்தால், அது நீங்கள் படிக்காத பாடம் அல்ல. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு வியாதி. எழுத்து பத்திரமாக வந்திருக்கும், அதை வரைந்து காட்டுகிற எழுத்துரு உங்களிடம் இருக்காது. இரண்டிலும் நான் நல்லபடியாகத்தான் ஏற்றி அனுப்பினேன்.

8

புது ஸ்டிக்கர் அடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை லாரியிலிருந்து அதுதான். மேஸ்திரியிடம் வரியை வாசித்துக் காட்டினேன். "எழுதியிருந்தா ரெண்டு பேரப் போட்டுத்தான் ஆகணும்," என்றார். பிறகு கிரேனைத் திரும்பிப் பார்த்தார். "இவன் கேக்கமாட்டான். இவன் தனியாத் தூக்கினா நான் என்ன, கையப் பிடிச்சு இழுக்கவா முடியும்?"

கிரேன் அங்கிருந்து போய்விட்டான். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இன்று ஞாயிறு. மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தான். முடிவைத்தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், வாசித்துக் காட்டினேன். டீ குடித்த பகுதி வந்தபோது தரையைப் பார்த்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

"முடிவு?" என்றான்.

மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: "கிரேன் ஸ்டிக்கரைப் பார்த்தான். சிரித்தான். தனியாகத் தூக்கி, லாரியில் வைத்து, கையைத் தட்டிக்கொண்டான். எல்லோரும் விசில் அடித்தார்கள்."

"இது நல்லாருக்கு," என்றான் கிரேன்.

"பொய்," என்றாள் அக்கா.

"கதைன்னாலே பொய்தானக்கா."

"அப்ப சட்டைக்குள்ள பட்டை எதுக்குடா? அதுவும் கதையா?"

இரண்டாவது முடிவு: "பெட்டி சரிந்தது. அவன் கால்" (இதற்கு மேல் எழுதவில்லை. எழுதிய அட்டையை என் மனைவி வாங்கி நாலாக மடித்து, ஆடுகிற பீரோவின் காலுக்கு அண்டைகொடுத்துவிட்டாள். இப்போது பீரோ ஆடுவதில்லை.)

மூன்றாவது முடிவு: "கிரேன் வேலையை விட்டுவிட்டு, கிடங்கு வாசலில் டீக்கடை போட்டான்."

"எனக்கு டீ போடத் தெரியாது," என்றான்.

"அது உண்மை," என்றாள் அக்கா. "இவன் போட்டா கிடங்கே மூடிடும்."

சிரித்தோம். கிரேன் என் அட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"நம்பர் நம்பர்னு எழுதியிருக்கியே," என்றான் கிரேன். "என் பேருக்கு என்ன நம்பரு?"

9

ஸ்டிக்கர் பொண்ணு எனக்கு எல்லா எண்களையும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தாள். அட்டையில் எழுதிக் காட்டினேன்.

&#2965;&#3007;&#2992;&#3015;&#2985;&#3021;

அவனுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பெட்டி எண்ணிப் பழகியவன். விரல் வைத்து எண்ணினான்.

"ஆறு இருக்கு. கிரேன்னு எழுதினா எத்தனை எழுத்து?"

"மூணு. கி. ரே. ன்."

"அப்ப?"

"கி-க்கு ரெண்டு. ரே-க்கு ரெண்டு. ன்-க்கு ரெண்டு." சொல்லும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. சத்தியமாக, நான் இதைக் கதைக்காக ஏற்பாடு செய்யவில்லை. வேண்டுமானால் நீங்களே அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.

அவன் அக்கா அட்டையை எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுகூடத் தனியா நிக்கலயாடா?"

"ஒண்ணுகூட இல்ல," என்றேன்.

கிரேன் மூன்று ஜோடிகளையும் மறுபடி தொட்டுப் பார்த்தான். கடைசிப் புள்ளியின் எண்ணில் விரல் நின்றது. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத மூன்று வாக்கியம் போட்டேன், மூன்றையும் அடித்துவிட்டேன். சிரிப்பு மாதிரி ஒன்று. தோற்றவன் சிரிப்பு இல்லை. அதற்கு இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அது நிஜமாகவே நான் படிக்காத பாடம்.

"இந்த அட்டை எனக்கு வேணும்," என்றான். சட்டைக்குள், பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே செருகிக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: "நாளைக்கு முதல் லாரி மோட்டாரா மாமா?"

"மோட்டார்தான்."

"ம்."

அந்த "ம்" மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறேன். அவன் அக்காவும் வாசிக்கிறாள். அவளுக்கு அது "சரி" என்று கேட்கிறதாம். எனக்கு ஒரு நேரம் ஒருமாதிரிக் கேட்கிறது.

இனி நாளைக் காலைதான். நாளை வந்த பிறகு எழுதினால் அது செய்தி. கதையாக முடிக்கவேண்டுமென்றால் இப்போதே முடிக்கவேண்டும், அதற்கு என் தோளில் இன்று வலு இல்லை. நான் எழுதினால் என் மனைவிக்காக எழுதுவேன், அல்லது அவனுக்காக எழுதுவேன். நீங்கள் யாருக்கும் சொந்தமில்லை. உங்களால் முடியும்.

லாரிப் பக்கத்தில், தரையில் பெட்டி இருக்கிறது. ஸ்டிக்கர் புதிது, வரி சிவப்பு, தொப்பி இல்லை. லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான். மேஸ்திரி வேறு பக்கம் பார்க்கிறார். கிரேன் வருகிறான். சட்டைக்குள் அட்டை இருக்கிறதா, வீட்டிலேயே வைத்துவிட்டானா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையின் மேலும் அதே ஸ்டிக்கரைத்தான் ஒட்டுகிறேன்:

தனியாகத் தூக்காதே. இருவர் தூக்கவும்.

உங்களுக்கு வரி தெளிவாகத் தெரிகிறது. நான் என் முனையில் குனிந்துவிட்டேன்.